வெட்டி நீக்கிய நொடிகள்

அந்த அறையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலை ஒட்டிய கட்டிலில், தலைப்பக்கம் உயர்த்திவைத்த மெத்தையில், பெரியக்கா சாய்ந்து கிடந்தாள். அவளுடைய கால்மாட்டில் ஒரு முக்காலியில் அவள் கணவர், காலைப் பணி முடிந்து வந்த பேருந்து ஓட்டுநர், சீருடைச் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். கதவருகே, பாதி உள்ளும் பாதி வெளியுமாகப் போட்ட நாற்காலியில் ஓட்டுநரின் தங்கை, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, பார்க்காமலே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலில் கணினியோடு, அவன்.

அவனுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைப் பெண்கள் வைத்த பெயர் தொப்பித் தம்பி. உலோக வட்டுகளைப் பொத்தான் பொத்தானாகத் தைத்த ஒரு துணித் தொப்பியை ஆட்களின் தலையில் மாட்டி, மூளை அலைகளைப் பதிவுசெய்து, வேலை நடக்கும்போது அவர்களுடைய மனம் எவ்வளவு சுமக்கிறது என்று அளந்து சொல்வது அவன் பிழைப்பு. அந்த அறையில் ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒருத்தி அழைப்பை எடுத்து இடமும் விவரமும் கேட்பாள். மற்றவள் வண்டியை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேரும்வரை அழைத்தவரோடு பேசிக்கொண்டே இருப்பாள். சோதனைக்கென்று ஒரு வாரம், அங்கே பணியிலிருந்த பெரியக்கா இரண்டு வேலையையும் ஒருத்தியாகச் செய்தாள், தொப்பியோடு. அவன் அளந்தான். ஒரு ஆளே போதும் என்று அறிக்கை போயிற்று. இரண்டாவது நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் ஒருநாள் பெரியக்கா, காதுக் கருவியைக்கூடக் கழற்றாமல், மேசையிலேயே சரிந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. அதற்குப் பிறகு பேச்சில்லை, அசைவில்லை. கண் மட்டும் திறந்திருக்கும்.

இன்று அவன் வந்தது அலுவலகம் அனுப்பி அல்ல. ஓட்டுநர் தொலைபேசியில் கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. மறுத்திருந்தால் தூக்கம் வந்திருக்காது, ஒத்துக்கொண்டதாலும் வரவில்லை.

“ஆஸ்பத்திரியில எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேங்குறாங்க தம்பி,” என்றார் ஓட்டுநர். “உள்ள எஞ்சின் ஓடுதா, நின்னுபோச்சா. அதை மட்டும் பார்த்துச் சொல்லு. எனக்கு அது போதும்.”

“அண்ணி நல்லா இருந்தப்பவே மனசுல உள்ளதைச் சொல்ல மாட்டாங்க,” என்றாள் தங்கை, பூண்டைவிட்டுக் கண்ணெடுத்து. “மெஷின்கிட்ட சொல்லிடுவாங்களாக்கும்.”

மழை பிடித்திருந்தது. பட்டப்பகலிலேயே அறை இருண்டு, ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீரின் நிழல் பெரியக்காவின் முகத்தில் மேலிருந்து கீழாக நகர்ந்துகொண்டே இருக்க, அசையாத அந்த முகம் மெல்ல மெல்லக் கரைந்து ஒழுகுவது போலிருந்தது. மருந்து நெடி, காய்ச்சி ஆறிய பாலின் மணம், பூண்டு, இவற்றுக்கெல்லாம் அடியில், நெடுநாள் படுத்துக் கிடக்கும் உடம்புக்கே உரிய, ஈரத்துணியை மடித்து வைத்தாற்போன்ற ஒரு வாடை. அவன் தொப்பியை அவள் தலையில் மாட்டி, முனை மழுங்கிய சிரிஞ்சில் பசையை நிரப்பி, ஒவ்வொரு வட்டுக்கும் கீழே முடியை விலக்கி, தோலில் படும்படி வைத்துக்கொண்டே வந்தான். இடது நெற்றிப்பொட்டுக்கு வந்தபோது விரலுக்கடியில் ஏதோ எழும்பியது. தோலுக்குள்ளே, புளியங்கொட்டை அளவில், கல்லாக. ஒரு மூச்சு நேரம் நின்றது. அடங்கியது.

“வலிக்குதா அக்கா?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

“கேளுங்க சார், கேளுங்க. பதில் வந்தா அலமாரிச் சாவிய எங்க வச்சாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க.”

“நீ கொஞ்சம் சும்மா இரேன்,” என்றார் ஓட்டுநர்.

திரையில் கோடுகள் ஓடத் தொடங்கின. ஓய்வெடுக்கும் தலையின் பின்புறத்தில் ஒரு சீரான அலை எழும். கரையில் நின்று பார்க்கும் கடல் மாதிரி வந்து வந்து போகும். எத்தனையோ தலைகளில் அதைப் பார்த்தவன், இங்கும் அதைத்தான் எதிர்பார்த்தான். அது இல்லை. நெற்றிப் பக்கத்தில் வேறொன்று இருந்தது: மெதுவான, உயரமான அலை. ஒரே நேரத்தில் நாலு விஷயத்தைக் கைநழுவவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மனங்களுக்கு வருவது.

பிறகு எல்லாக் கோடுகளும் ஒன்றாகத் தடித்தன. பேனா முனையை ஒரே இடத்தில் வைத்துத் தேய்த்தாற்போல் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. தாடை இறுக்கம். பல்லைக் கடிக்கும்போது பொட்டுத் தசை முறுக்கேறி, மூளையின் மெல்லிய அலையை மூழ்கடித்துவிடும். அவன் தொழிலில் அதற்குப் பெயர் இரைச்சல். அவனுடைய சுண்டுவிரல், அவனைக் கேட்காமலே, நீக்கும் விசைக்கு நகர்ந்தது.

கூடத்தில் தொலைபேசி அடித்தது.

தங்கை எழுந்து போனாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணிச்சத்தத்தில் உடம்பு தூக்கிப்போடுவது உண்டு, அதில் அதிசயமில்லை. ஆனால் முதலில் பட்டை. பிறகு மணி. வரிசை இடறியது. செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தாற்போல் ஒரு சங்கடம், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கறுத்தது. இப்போது ஓட்டுநரின் சட்டைப்பையைப் பார்த்தான், ஏனென்று தெரியாமல். பை அமைதியாக இருந்தது. மழைச் சத்தம். கட்டிலுக்கடியில் எங்கோ சொட்டுச் சொட்டாக நீர். அவனுக்கு மூச்சு சீராகத் தொடங்கிய நேரத்தில் பை அதிர்ந்தது.

“பணிமனையிலேர்ந்து,” என்று சொல்லிவிட்டு அவரும் எழுந்து வெளியே போனார்.

அறையில் அவனும் அவளும் மட்டும். அவள் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்புப் பட்டைகள் வந்துகொண்டே இருந்தன. இப்போது வீட்டில் எந்த மணியும் இல்லை. ஒன்று, சற்று இடைவெளி, இன்னொன்று, உடனே அதன்மேல் ஏறி மற்றொன்று. எங்கேயோ கேட்ட தாளம். ஒரு வாரம் அந்தக் கட்டுப்பாட்டு அறையின் மூலையில் உட்கார்ந்து கேட்ட தாளம்.

இந்தப் பட்டைகளை அவனுக்குத் தெரியும். அந்தச் சோதனை வாரத்தில், அழைப்பு ஒன்றாக இருக்கும்போது பெரியக்காவின் கோடுகள் தெளிவாக இருந்தன. இரண்டு சேர்ந்து வந்தால் பல்லைக் கடிப்பாள். குரலில் ஒரு நடுக்கம் தெரியாது. அழைத்தவரிடம் பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் பேசுவாள். திரையில் மட்டும் கரி பூசியிருக்கும். பட்டை விழுந்த நொடிகளை வெட்டி நீக்கவேண்டும் என்பது விதி. அவன் வெட்டினான். வெட்ட வெட்ட, மிஞ்சியதெல்லாம் அவள் சும்மா இருந்த நேரம். அதைக் கூட்டிச் சராசரி எடுத்தால் சுமை குறைவு என்றுதான் வரும். எவ்வளவு வெட்டினோம் என்பதை அறிக்கையில் எழுதவேண்டும் என்பதும் விதிதான். அவன் அலுவலக இயக்குநர் அறிக்கையை ஒரே பக்கத்தில் கேட்டார். அந்த வரி இரண்டாம் பக்கத்தில் விழுந்தது. இரண்டாம் பக்கத்தை அவன் அனுப்பவில்லை.

தெரியாமல் செய்ததென்றால்கூட ஆறுதல் இருக்கும். கடைசி நாள் தொப்பியைக் கழற்றும்போது அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

“என்ன தம்பி, மூளை இருக்கா?”

“நிறைய இருக்குக்கா.”

“அப்ப எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சீட்டு எழுதிக் குடு. நான் சொன்னா நம்ப மாட்டார்.” சிரித்தாள். பிறகு விரலை நீட்டினாள். “இதென்ன, கருப்புக் கருப்பா?”

“அது குப்பைக்கா. வெட்டிடுவோம்.”

அவள் சிரிப்பு நின்றது. “அங்கதான்டா எனக்கு உயிர் போச்சு. அதைப் போய்க் குப்பைங்குற.”

வெட்டும்போது அந்தக் குரல் காதில் இருந்தது. இருந்தும் வெட்டினான்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு, போனில் சின்னக்காவை அழைத்தான். பெரியக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் வருஷக்கணக்கில் இருந்தவள் அவள். இப்போது அந்த மேசையில் தனியாக உட்காருகிறவள்.

“தொப்பித் தம்பியா? என்ன, இந்த நாற்காலியும் வேணுமா? நின்னுக்கிட்டே பேசச் சொல்றாங்களா?”

“ஒரு சின்ன உதவிக்கா. போனைப் பக்கத்துல வச்சுக்குங்க. உங்க மேசைக்கு அழைப்பு வந்தா ‘வந்துது’ன்னு மட்டும் சொல்லிட்டு எடுங்க.”

“பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு?”

“ரெண்டே ரெண்டு தடவைக்கா.”

திரை கறுத்தது. அவன் எதையும் எண்ணவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“வந்துது,” என்றாள் சின்னக்கா.

தூரத்தில் அவள் பேசி முடிப்பது கேட்டது. மறுபடி திரை கறுத்தது. வேண்டாம் என்று அவன் மனத்துக்குள் சொன்னான். வராமல் இருக்கட்டும்.

“வந்துது.”

அவள் மீண்டும் போனுக்குத் திரும்பியபோது குரல் தணிந்திருந்தது. “நீ எதையோ கண்டுபிடிச்சிட்டேன்னு தோணுது. நானும் ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. இப்பல்லாம் போனை எடுத்தா யாரும் கத்துறதில்ல. கூச்சலும் அழுகையுமா வர வேண்டியவங்க, அடங்கிப்போய்ப் பேசுறாங்க. ‘அதான் அந்தம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேனே, தலையை அசைக்காம வைன்னாங்க, வச்சிருக்கேன்’ங்குறாங்க. எந்தம்மான்னு கேட்டா, ‘உங்க பக்கத்துல இருக்காங்களே’ங்குறாங்க. என் பக்கத்துல யாரு இருக்கா? நாற்காலி இருந்த இடத்துல குப்பைக்கூடைதான் இருக்கு.”

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“வேலை லேசாத்தான் போகுது,” என்றாள் சின்னக்கா. “பாதி வேலையை யாரோ செஞ்சு முடிச்சுக் கையில குடுக்குற மாதிரி. அதான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். அக்கா எப்படி இருக்கா?”

“ஓய்வுல இருக்காங்க,” என்றான்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், கதவருகே ஓட்டுநர் நின்றிருந்தார். மனைவியின் பாதத்தைப் போர்வைக்குள் தள்ளி மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“நிஜமாவா தம்பி? ஓய்வுலதான் இருக்காளா?”

“இன்னும் கொஞ்சம் பதிவு பண்ணிப் பார்க்கணும்ணே. தொப்பி இருக்கட்டும். தொப்பியில மாட்டின இந்தச் சின்னப் பெட்டி, கோடுகளை இங்கேர்ந்தே என் ஆபீஸ் திரைக்கு அனுப்பிடும்.”

“வண்டி எங்கயாவது சிக்கி நிக்குதுன்னாலும் பரவால்ல, சொல்லிடு. நான் இறங்கித் தள்ளுவேன். சும்மா நிக்குதுன்னு நெனச்சு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கக் கூடாதுல்ல?”

அவன் தலையாட்டினான். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மழை வலுத்து, மாலைக்கு முன்பே விளக்குகள் எரிந்தன. அளவை அறையில் அவன் மேசை சுவரோரம். அலமாரியில் தொப்பி காயவைக்கும் தெர்மோகோல் தலைகள் வரிசையாக, கண் மூக்கு இல்லாமல். காய்ந்த பசையின் உப்பு வாடை. கருவிகளின் தணிந்த முனகல், வழக்கமாகக் காதில் விழாதது, இன்று பல்லுக்குள் புகுந்து கூசியது. திரையைத் திறந்தான். பெரியக்காவின் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. பட்டை. வெள்ளை. பட்டை. பட்டை.

கதவில் இயக்குநர் தலையை நீட்டினார், கையில் குடையோடு.

“உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். அந்த மேசையோட கணக்கு வந்திருக்கு, பார்த்தீங்களா? ஒரு ஆள்தான். ஆனா முன்னைவிட வேகம். புகார்னு ஒண்ணுகூட இல்ல. உங்க அறிக்கை அப்படியே பலிச்சிருக்கு.”

“சார், அதுல ஒரு விஷயம்...”

“விஷயமெல்லாம் அப்புறம். எல்லா ஊர் அறைகளுக்கும் இதையே கொண்டுவரப் போறாங்க. அளந்தது சரிதான்னு உங்க கையெழுத்தோட ஒரு உறுதிக் கடிதம் கேட்டிருக்காங்க. இன்னிக்குத் தபால்ல போயிடணும். நாலு வரி போதும். கீழ வண்டி நிக்குது, பியூன்கிட்ட குடுத்துடுங்க.” போனவர் திரும்பி வந்து சொன்னார்: “நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டீங்க எனக்கு.”

காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்தது. எல்லா ஊர்களும். எல்லா மேசைகளும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு நாற்காலி குறையும்.

அப்படியானால் அந்தப் பாதி வேலைகளெல்லாம் யாருக்குப் போகும்?

அவன் திரையைப் பார்க்காமல் கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினான். மதிப்பிற்குரிய ஐயா. கீழே கையெழுத்திட்டிருக்கும் நான், முன்பு அனுப்பிய அறிக்கை தவறு என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அளவெடுத்த நேரத்தில் பாதிக்கு மேற்பட்ட நொடிகள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்டவை யாவும் வேலைப்பளு உச்சத்தில் இருந்த நொடிகள். இது எனக்கு அப்போதே தெரியும். அந்த மேசைக்கு இரண்டாவது ஆளை உடனே திரும்ப அமர்த்த வேண்டும்.

விரல் நின்றது. ஏதோ மாறியிருந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

பட்டைகள் இல்லை. பின்தலைக் கோட்டில் ஓர் அலை எழுந்துகொண்டிருந்தது, மெல்ல, சீராக. வந்தது. போயிற்று. வந்தது. இன்று அவன் பார்த்தவரை இல்லாத ஓய்வு. மணி அடிக்குமுன் மணியை எடுத்தவள், கடிதம் போகுமுன் கடிதத்தைக் கேட்டுவிட்டாள் போலிருந்தது. அவனுக்குக் கண் எரிந்தது. “தூங்குங்கக்கா,” என்று வாய்விட்டுச் சொன்னான்.

எழுந்து, கடிதத்தை அச்சிட்டு, கையெழுத்துக்காகப் பேனா மூடியைத் திறந்தான்.

இது எனக்கு அப்போதே தெரியும்.

அந்த வரியை இன்னொரு முறை படித்தான். இதை இயக்குநர் படிப்பார். அவருக்கு மேலே இருப்பவர்கள் படிப்பார்கள். அவள் விழுந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். கூண்டில் நிற்கவைத்தும் கேட்கலாம். ஓட்டுநர் கேட்பார். அவர் சத்தம்கூடப் போடமாட்டார். முக்காலியிலிருந்து எழுந்து, அந்த முகத்தோடு, ‘உனக்கு அப்பவே தெரியுமா தம்பி?’ என்று மட்டும் கேட்பார். 

அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டால்? எடுத்தால், மீதி ஏன் என்ற கேள்வி வரும். மீதியையும் எடுத்தால்?

திரையில் ஒரு கோடு நடுங்கியது.

தசை, என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். படுத்த உடம்புக்குத் தாடை இறுகும். எந்தப் பாடப்புத்தகத்திலும் உள்ளதுதான். இரண்டு தடவை பட்டை விழுந்தது, இரண்டு தடவை மணி அடித்தது. அந்த அறையில் எப்போதும் மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும். தற்செயல். சின்னக்கா தனியாகக் கிடந்து மனம் குழம்பியிருக்கிறாள். பாவம். ஒரு சீட்டு எழுதி அவளுக்கு விடுப்பு வாங்கித் தரலாம்.

பட்டை.

காகிதத்தை நாலாகக் கிழித்தான். புதிதாகத் தட்டச்சு செய்தான். முன்பு அனுப்பிய அளவீடு சரியானது என்று இதன்மூலம் உறுதி செய்கிறேன். ஒரு மேசைக்கு ஒரு ஆள் போதுமானது.

பட்டை. பட்டை. இடையில் ஒரு மயிரிழை வெள்ளை.

“சார்.” கதவில் பியூன். தோளில் மழைக்கோட்டு. “தபால் வண்டிக்காரன் கத்துறான். குடுத்தீங்கன்னா ஓடிடுவேன்.”

“ஒரு நிமிஷம்.”

“நல்ல நாள் பார்த்தா எழுதுறீங்க?”

கையெழுத்துப் போட்டான். எழுத்து அவனுடையது மாதிரியே இல்லை. காகிதத்தை மூன்றாக மடித்தான். உறைக்குள் நுழைத்தான். பசைக்குச்சியை விளிம்பில் இழுத்தான். காதுக்குப் பின்னால் கருவியின் முனகல் ஏறியது. திரையைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. மடல் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினான், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

ஒட்டிக்கொண்டது.

நீட்டினான். பியூன் வாங்கி மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டான். படிகளில் அவன் இறங்கும் சத்தம், தடதடவென்று.

போன் அடித்தது. ஓட்டுநர்.

“தம்பி.” மூச்சு வாங்கியது அவருக்கு. “பல்லைக் கடிக்கிறா தம்பி. இப்பதான், திடீர்னு. வாயைத் திறக்க முடியல. கரண்டிய நடுவுல வச்சேன். வளைஞ்சுபோச்சு.”

பின்னால் தங்கையின் குரல், எந்த இடக்கும் இல்லாமல்: “அண்ணி. விடுங்க அண்ணி. போதும். விட்டுடுங்க.”

திரும்பினான்.

திரையில் வெள்ளை இல்லை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. மேலிருந்து கீழ்வரை, இடமிருந்து வலம்வரை. கறுப்பு. அது நகர்ந்துகொண்டிருந்தது.

“ஏதோ சொல்றா தம்பி. பல்லைத் திறக்காமலே. பேச்சு வந்துடுச்சு. இரு, நீயே கேளு.”

போனை அவள் வாயருகே கொண்டுபோனார்.

முதலில் அரைக்கும் சத்தம். கல்லும் கல்லும். அதற்குள்ளிருந்து குரல், பதறாமல், பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல்.

“சொல்லுங்க. எந்த இடம்? நான் இருக்கேன். நீங்க சொல்லுங்க. எந்த இடம்? தலையை அசைக்காதீங்க. நான் இருக்கேன். நீங்க, எந்த இடம்? அழாதீங்க. நீங்க. நீங்க சொல்லுங்க. நீங்க.”

மூச்சுவிட இடமில்லாமல் வந்தது. ஒருத்தரிடம் பேசும் வேகம் அல்ல அது.

ஏதோ முறிந்தது. சின்னச் சத்தம். குரல் நிற்கவில்லை.

“நான் இருக்கேன். சொல்லுங்க.”

இன்னொன்று முறிந்தது.

“அவளைப் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்றியா, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்றியா, என்ன செய்யணும்னு சொல்லு தம்பி,” என்றார் ஓட்டுநர், எங்கேயோ தூரத்தில். “நான் என்ன செய்யணும்?”

ஜன்னலுக்குக் கீழே பியூன் மழையில் ஓடி, வண்டியின் ஜன்னல் வழியாக உறையை நீட்டினான். உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது. வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது.

“நான் இருக்கேன்,” என்றது போன், பல் உடைந்த வாயின் சொதசொதப்போடு. “நீங்க சொல்லுங்க. அடுத்து யாரு?”